உயிருக்குச் சாட்சி சொல்லும் மணிக்கட்டு

[திரையில்: இருட்டில் ஓடும் சரக்கு ரயிலின் கேபின். முன்விளக்கு வெளிச்சத்தில் தண்டவாளம் மட்டும். ஐந்து வினாடிக்கு ரயில் சத்தம்.]

பாதை நேராக இருக்கிறது. சிக்னல் பச்சை. வேகம் சீராக இருப்பதால் லோகோ பைலட்டின் கைகளுக்கு இப்போது வேலை இல்லை. ஆனால் அவர் எதையும் தொடாமல் 60 வினாடி கடந்தால் எதிரே ஒரு விளக்கு மினுக்கத் தொடங்கும். இன்னும் 8 வினாடி போனால் பஸர் அலறும். அடுத்த 8 வினாடிக்குள்ளும் அவர் அசையவில்லை என்றால் பிரேக் தானாகவே பிடித்து வண்டி நின்றுவிடும்.

இந்திய ரயில்வேயில் இதை விசிடி, அதாவது விஜிலன்ஸ் கன்ட்ரோல் டிவைஸ் என்கிறார்கள். ஓட்டுநர் தூங்கிவிட்டாரா, மயங்கிவிட்டாரா என்று கவனிக்கும் கருவி. அவர் முகத்தை அது பார்ப்பதில்லை, நாடியைப் பிடிப்பதில்லை. ஏதோ ஒரு தசை அசைந்ததா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆயிரக்கணக்கானோரின் பாதுகாப்பைத் தன் அசைவால் நிமிடத்துக்கு நிமிடம் உறுதி செய்யும் அந்தத் தசையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு என்ன ஆகிறது என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

[திரையில்: வரைபடம். சிட்னியின் தெற்கே வாட்டர்ஃபால்.]

முதலில் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். 2003 ஜனவரி 31. சிட்னியிலிருந்து போர்ட் கெம்ப்ளா நோக்கிச் சென்ற பயணிகள் ரயில், மணிக்கு 60 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வளைவில் சுமார் 117 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து கவிழ்ந்தது. ஓட்டுநரோடு சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கு ஓடும் வண்டியிலேயே மாரடைப்பு வந்திருந்தது.

அந்த ரயிலில் பாதுகாப்புக்கென ஒரு கால் பெடல் இருந்தது. அதை முழுவதும் அழுத்தாமலும் விட்டுவிடாமலும் பாதி நிலையிலேயே பிடித்திருக்க வேண்டும். கால் தளர்ந்தால் பிரேக் விழ வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நினைவிழந்த மனிதரின் கால்களின் எடையே பெடலைச் சரியாக அந்தப் பாதி நிலையில் நிறுத்திவிட்டது. விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது: அதே வகை ரயில்கள் சிலவற்றில், சிக்னல் கொடியின் கம்பைச் செருகிப் பெடலை முட்டுக்கொடுத்ததற்கான தழும்புகள் இருந்தன.

இதைக் கேட்டதும் ஓட்டுநர்களின் அலட்சியம் என்று சொல்லத் தோன்றும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை அரை அங்குலம் மட்டும் தூக்கிப் பிடியுங்கள். இந்த வீடியோ முடியும்வரை இறக்காதீர்கள்.

[திரையில்: முழங்காலுக்குக் கீழே முன்புறத் தசையின் வரைபடம். ரத்தக்குழாய்கள் சிவப்பில்.]

நடக்கும்போது தசை சுருங்கி விரிகிறது. விரியும் ஒவ்வொரு முறையும் புது ரத்தம் உள்ளே பாய்கிறது. ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்த தசைக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. சுருங்கிய தசை தன் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்குகிறது. கழிவு தேங்குகிறது, எரிச்சல் வருகிறது, பிறகு பிடிப்பு. பத்துக் கிலோமீட்டர் நடக்கும் கால், அசையாமல் ஒரு பெடலைப் பிடித்திருக்கத் திணறுவது இதனால்தான்.

அப்படிப் பார்த்தால் நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தும் முறை மேல். நாட்ச், அதாவது இழுவையைக் கூட்டிக் குறைக்கும் படியை மாற்றினாலும் ஹாரன் அடித்தாலும் விசிடி அதையே அசைவாக எடுத்துக்கொண்டு மறுபடி எண்ணத் தொடங்கும். இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நீண்ட நேர்ப்பாதையில், வேறு வேலை இல்லாத நேரத்தில், மணிக்கு 60 அழுத்தல்வரை ஒரே கையின் ஒரே விரலுக்குப் போய்ச்சேரும்.

[திரையில்: பழைய எலக்ட்ரிக் லோகோவின் மாஸ்டர் கன்ட்ரோலர்.]

உண்மையான சுமை வேறிடத்தில் இருந்தது. ஈரோடு ஷெட்டின் பெயரைத் தாங்கித் தமிழ்நாட்டில் பல்லாண்டு ஓடிய டபிள்யூஏபி-4 லோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேகத்துக்கு 32 நாட்ச்கள். கைப்பிடியை ஒருமுறை கூட்டல் குறிப் பக்கம் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தால் ஒரு நாட்ச் ஏறும். அடுத்த நாட்சுக்கு மறுபடியும் அதே அசைவு. மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரைப் பார்த்தபடி, சக்கரம் வழுக்காமல், ஒவ்வொன்றாக. சிவப்பு சிக்னலில் நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் இது முதலிலிருந்து தொடங்கும்.

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்பும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து குறுகலான வழி ஒன்றை அமைக்கின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டை வளைத்தபடி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் தசைநாண்களின் உறை வீங்கும். எலும்பு விலகிக்கொடுக்காது, ஆகவே நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று இத்தனையும் மரத்துப்போகும். சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கும், ஏனெனில் அதன் நரம்பு வேறு வழியில் போகிறது.

1990களின் பிற்பகுதியில் வந்த டபிள்யூஏஜி-9, அதன்பின் வந்த டபிள்யூஏபி-7 லோகோக்களில் இந்த நாட்ச் கணக்கே இல்லை. ஒரு நெம்புகோலை முன்னே தள்ளினால் இழுவை, பின்னே இழுத்தால் மின்பிரேக். மின்பொறியியலுக்காகச் செய்த மாற்றம் அது. மணிக்கட்டுக்கும் அது நன்மை செய்தது, யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும்.

கையோடு கதை முடிவதில்லை. உட்கார்ந்திருக்கும் மனித உடல், வினாடிக்கு 4 முதல் 8 முறை வரும் மேல்கீழ் அதிர்வுக்குத்தான் மிகவும் குலுங்கும். இருக்கை அதை உறிஞ்சவில்லை என்றால் முதுகெலும்பு வாங்கிக்கொள்கிறது. வளைவில் ஜன்னல் வழியே தலையை நீட்டித் திரும்பி, வண்டி முழுதும் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்து முறுகியிருக்கும் அதே நொடியில் கீழிருந்து அதிர்வு ஏறுகிறது.

என்ன செய்யலாம்? விழிப்பைக் காட்டும் விசை ஒன்றோடு நிற்காமல் இரு கைக்கும் காலுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும், ஓட்டுநர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும். பெடல் என்றால் குதிகால் இளைப்பாறும் சாய்வு வேண்டும். இருக்கை குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் நகர வேண்டும். பெண்கள் லோகோ பைலட்டுகளாக வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் சராசரி ஆணின் கை நீளத்தை வைத்துக் கேபினின் கட்டுப்பாட்டு மேசையை வரைவது நியாயமில்லை.

[திரையில்: ஓய்வறை. கையை உதறிக்கொண்டு எழும் ஒருவர்.]

லோகோ பைலட்டுகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. மருத்துவப் பரிசோதனையில் தகுதி குறைந்தால் வண்டி ஓட்டும் வேலை போகும், ஓட்டிய தூரத்துக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் படி நின்றுபோகும் என்று வலியை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொடக்கத்தில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டி, ஓய்வு கொடுத்துச் சரிசெய்யக்கூடியது, ஆண்டுகள் தள்ளினால் கட்டைவிரலின் அடித்தசை மெலியும்வரை போகும். இரவில் விரல் மரத்து விழித்து, கையை உதறினால் சரியாகிறது என்றால், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். "கை வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கை, எந்தக் கைப்பிடி, எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். மருத்துவர் கேபினுக்குள் ஏறியிருக்க மாட்டார். அவர் அறை நாற்காலியிலேயே உட்கார்ந்து, உங்கள் மணிக்கட்டு எப்படி வளைகிறது என்று செய்து காட்டுங்கள்.

பாதத்தை இப்போது இறக்கலாம்.