செவுத்தைச் சுரண்டுன கதை

எல்லாருக்கும் வணக்கங்க. நடுவர் ஐயா, மைக்கை கொஞ்சம் இறக்கிக்கிறேன், எனக்கு முன்னாடி பேசுன எதிரணி அண்ணன் நல்ல ஒயரம். பராசக்தி கோர்ட் சீனை மூச்சு விடாம பேசி விசில் வாங்கிட்டுப் போய் உக்காந்துட்டாரு, அந்த விசிலு அவருக்கா இல்ல 1952ல வந்த அந்தப் படத்துக்கு வசனம் எழுதுன கலைஞருக்கான்னு நீங்க தான் தீர்ப்புல சொல்லணும்.

தலைப்பை ஒருக்கா ஞாபகப்படுத்திடறேன், பொங்கல் சாப்ட்டு வந்து முன் வரிசையில பாதி பேருக்கு கண்ணு சொருகுது. சினிமால ஒருத்தர் ஏழையா பணக்காரரா, எந்தக் காலத்து ஆளுன்னு நமக்குக் காட்டுறது அவங்க பேசுற வசனமா, அவங்க வீட்ல கெடக்குற பொருளா? நான் பொருளு கட்சி. நான் பெருசா படிச்சவ இல்ல, பழைய வண்ணாரப்பேட்டையில தையல் மிஷின் வச்சு ஜாக்கெட் தைக்கிறவ, ஆனா சினிமா பாக்குறதுல இந்த மேடையில இருக்குற ஆறு பேரையும் சேத்து வச்சாலும் நான் ஒரு படம் கூடப் பாத்திருப்பேன்.

அண்ணன் இன்னா சொன்னாரு? கட்டிலு பீரோ எல்லாம் ஜடம், பின்னாடி சும்மா நிக்குது, ஜடம் எங்கயாவது கதை சொல்லுமான்னாரு. அண்ணே, நம்ம அகஸ்தியா தியேட்டர், 2020ல மூடிட்டாங்களே, அங்க நான் ஒரு படம் பாத்தேன், பேரு வேணாம். ஹீரோ அம்மாகிட்ட சொல்றாரு, "நாம மிடில் கிளாஸ்மா, நமக்கெல்லாம் இந்த ஆசை வரக்கூடாது". நல்ல வசனம், அவரு கண்ணுல தண்ணி கூட வந்துச்சு. ஆனா அவரு எங்க நின்னு சொல்றாரு? வீட்டுக்குள்ளயே மரப்படி மாடிக்குப் போகுது, பின்னாடி எட்டு பேர் உக்கார்ற டைனிங் டேபிளு, அதுக்கும் பின்னாடி கண்ணாடிக் கதவு, அதைத் தாண்டி புல்லுத்தரை. எனக்குப் பின்னாடி சீட்ல இருந்து ஒரு குரலு, "டேய், இவன் மிடில் கிளாஸ்னா நாங்கல்லாம் இன்னாடா?" தியேட்டரே சிரிச்சிச்சு. வசனம் ஒண்ணு சொல்லுது வீடு ஒண்ணு சொல்லுது, அப்போ ஜனம் எதை நம்புச்சு? புல்லுத்தரையைத் தான நம்புச்சு.

ஃப்ரிட்ஜை எடுத்துக்கோங்க. நம்ம பக்கத்துல ஃப்ரிட்ஜ் எங்க நிக்கும்? ஹால்ல நிக்கும். சமையக்கட்டுல ஒரு ஆளு திரும்பவே எடம் இல்ல, அதனால ஹாலுக்கு வருது, வந்ததுக்கு அப்புறம் அதுக்கு ஒரு மரியாதை, மேல பூப்போட்ட துணி, துணி மேல ஸ்டெபிலைசரு, ஸ்டெபிலைசர் மேல ஒரு பொம்மை, கைப்பிடிக்குத் தனியா ஒரு சட்டை (அந்தச் சட்டையெல்லாம் நான் தான் தைக்கிறேன், மீந்த துணியில). பணக்காரங்க வீட்ல ஃப்ரிட்ஜ் உங்க கண்ணுக்கே படாது, உள்ள எங்கயோ இருக்கும். இது தெரிஞ்ச டைரக்டரு ஹால்ல ஃப்ரிட்ஜை நிறுத்திட்டாருன்னா, அந்தக் குடும்பத்துக்கு மாசம் எவ்ளோ வருது, தவணை எவ்ளோ போவுதுன்னு நான் சீட்ல உக்காந்தே கணக்கு போட்டுடுவேன், ஒருத்தரும் வாயைத் தொறக்க வேணாம்.

பழைய படத்துக்கு வாங்க. கருப்பு வெள்ளையில பணக்காரர்னா ஹால் நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஒரு மாடிப்படி, ஸ்டேண்டு மேல ஒரு டெலிபோன், ஓரமா ஒரு பியானோ. எங்க ஆயா அந்த மாடிப்படியைப் பாத்தவுடனே சொல்லிடும், இந்தப் பொண்ணுக்கும் கீழ நிக்கிற அந்தப் பையனுக்கும் ஆவாதுடின்னு. அவ மேல நிக்கிறா, அவன் கீழ நிக்கிறான், முடிஞ்சுது. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, அந்தக் காலத்து ஸ்டுடியோ செட்டுக்கு மேல கூரையே போட மாட்டாங்க, லைட்டெல்லாம் மேல இருந்து தான் தொங்கும், அதனால பல பங்களாவுல சீலிங் ஃபேனே கண்ணுல படாது. நம்ம மெட்ராஸ் வெயில்ல மனுஷன் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, ஃபேனும் இல்லாம, பைப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, பாவம்.

அதே படத்துல ஏழைன்னா இன்னா இருக்கும்? தையல் மிஷின். புருஷன் செத்த அம்மாவா இருந்தாலும் சரி, மானத்தோட பொழைக்கிற ஹீரோயினா இருந்தாலும் சரி, ஒரு மிஷின் இருந்தே தீரும். கடகடன்னு ஓட்டுவாங்க, திடீர்னு இருமுவாங்க. நான் 22 வருசமா ஓட்டுறேன் ஐயா, ஒரு நாளு இருமுனது இல்ல. ஆனா அந்த மிஷினைக் காட்டுன நிமிஷமே இவங்க கையேந்த மாட்டாங்கன்னு நமக்குப் புரிஞ்சிடுது பாருங்க, அதை வசனத்துல சொல்லணும்னா அரைப் பக்கம் வேணும்.

நாயகன், 1987. பம்பாயை பாக்காதவங்க எத்தனை பேரு இங்க? கையத் தூக்குங்க. ஆ, முக்காவாசி. எல்லாருக்கும் தாராவி தெரியுமா தெரியாதா? தெரியும்ல, அந்தத் தாராவியை ஆர்ட் டைரக்டர் தோட்டா தரணி கட்டுனது இங்க மெட்ராஸ்ல, வீனஸ் ஸ்டுடியோவுல. அந்தத் தகரம், அந்தச் சந்து, அந்த ஈரம், எல்லாம் நம்ம ஊர்ல ஆணி அடிச்சது. அதுக்கு அவருக்கு தேசிய விருது குடுத்தாங்க. ஜடத்துக்கு ஏண்ணே விருது குடுத்தாங்க?

சரி, காலத்துக்கு வரேன், இதுல தான் எனக்கு விஷயம் நெறைய இருக்கு, மணி அடிச்சிடாதீங்க ஐயா. மெட்ராஸ்ல டிவி ஸ்டேஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதுக்கு முன்னாடி நடக்குற கதைன்னு சொல்லிட்டு ராயபுரத்து வீட்டு ஹால்ல ஒரு டிவியை வச்சா எங்க தெருவே கண்டுபுடிச்சிடும். ரேடியோ தான் வைக்கணும், அதுவும் எட்டாத ஒயரத்துல பலகை அடிச்சு, புள்ளைங்க கை படாம. எண்பதுன்னா பர்மா பஜார்ல வாங்குன, ரேடியோவும் டேப்பும் சேந்த டூ இன் ஒன், வீட்ல யாரோ கப்பல்ல போறாங்க இல்ல ஹார்பர்ல வேலை பாக்குறாங்கன்னு அர்த்தம். அப்புறம் 2006 எலெக்ஷன் முடிஞ்சு கவர்மென்ட்ல இலவசமா 14 இன்ச் கலர் டிவி வந்துச்சு. 2011ல மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். இது மூணும் ஒரு வீட்ல எந்த நெலமையில இருக்குன்னு பாருங்க, வருசம் மட்டும் இல்ல, வசதியும் தெரியும். அந்த டேபிள் ஃபேன் ஹால்ல ஓடுதுன்னா ஒரு குடும்பம், பரண் மேல அட்டைப்பெட்டியோட இருக்குன்னா வேற குடும்பம், சி.எம் படம் போட்ட ஸ்டிக்கரைப் பிச்சுட்டு ஓடுதுன்னா அது வேற கட்சிக் குடும்பம்.

காக்கா முட்டை, 2015. அந்த வீட்ல உக்கார ஒழுங்கா எடம் இல்ல, அதுக்குள்ள கவர்மென்ட் டிவி வந்து உக்காருது, அதுல பீட்சா விளம்பரம் ஓடுது. நூல் நூலா வர்ற சீஸைப் பாத்து அந்தப் பசங்க கண்ணு விரியுது. அந்தப் பசங்களுக்கு பசி புதுசு இல்ல, ஆசை தான் புதுசு, அந்த ஆசையை வீட்டுக்குள்ள கொண்டாந்தது எது? ஒரு பொட்டி.

கொடத்தை மறந்துட்டேன் பாருங்க. வாசல்ல கலர் கலரா பிளாஸ்டிக் கொடம் வரிசையா நிக்குதுன்னா அந்த வீட்டுக் குழாயில தண்ணி வரல, லாரி வரணும், இல்ல அடி பம்பு. கொடத்துல பெயிண்ட்ல பேரோ, ஒரு எழுத்தோ எழுதி இருக்கணும், எழுதலன்னா அந்த ஆர்ட் டைரக்டர் ஒரு நாளு கூட தண்ணி லைன்ல நின்னதில்லன்னு அர்த்தம். செவுத்துல மாட்டுற படமும் அப்படித்தான். அம்பேத்கர், அண்ணா, எம்ஜிஆர், வேளாங்கண்ணி மாதா மேல சீரியல் பல்பு, மெக்கா படம், எது மாட்டி இருக்கோ அதை வச்சு அந்த வீட்டு ஆளு யாரு பக்கம்னு தெரியும். மெட்ராஸ் படம், 2014, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு கதை, அது மொத்தமும் ஒரு செவுத்துல யாரு படம் வரையறதுன்றதுக்குத் தான அடிச்சுக்கிறாங்க? அந்தச் செவுரு ஒரு வார்த்தை பேசுச்சா? அதுக்காக எத்தனை உசுரு போச்சு.

வசனம் இல்லாம ஒரு வீடு மட்டும் பேசுனதுன்னா எனக்கு பாலு மகேந்திராவோட வீடு தான், 1988. சொக்கலிங்க பாகவதர் அந்தத் தாத்தா, பேத்தி கஷ்டப்பட்டுக் கட்டுற வீட்டை தனியா போய்ப் பாக்குறாரு. இளையராஜா மியூசிக் மட்டும் தான். பூச்சு கூட முழுசா ஆகாத செவுரு. பேங்க் லோனு, சிமெண்ட்டு, காண்ட்ராக்டரு, அந்தப் பொண்ணு பட்ட அலைச்சல் எல்லாம் அந்தச் செங்கல்ல தெரியும். எங்க வீட்டுக்காரரு சினிமால அழுது நான் பாத்தது அந்த ஒரு எடத்துல தான், கேட்டா கண்ணுல தூசுன்னுட்டாரு.

இப்போ எதிரணில ரெண்டாவதா பேசுன தங்கச்சிக்கு வரேன். அது நல்லா கேட்டுச்சு, உண்மையாவே நல்ல கேள்வி. "பொருளு பொய் சொல்லும், வடசென்னைன்னாலே கரி புடிச்ச செவுரு, கயித்துல கந்தல், மூலையில கத்தின்னு காட்டுறாங்க, அதை எப்படி நம்புறது"ன்னுச்சு. தங்கச்சி, எங்க வீட்டையே ஷூட்டிங்குக்கு எடுத்தாங்க. மூணு நாளு வாடகை. எந்தப் படம்னு சொல்ல மாட்டேன், யாரு மனசும் நோவ வேணாம்.

ஆர்ட் டிபார்ட்மென்ட் பசங்க நாலு பேரு வந்தாங்க. வந்து உள்ள பாத்துட்டு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா நான் அப்போ தான் பொங்கலுக்கு பெயிண்ட் அடிச்சிருந்தேன், லேசான பச்சை, ஷோகேஸ்ல என் பொண்ணு கேரம்ல வாங்குன கப்பு ஏழு, கர்ட்டன் நானே தைச்சது, லேஸ் வச்சு. ஒரு பையன் போன்ல யாருக்கோ சொல்றான், "அண்ணே, வீடு ரொம்ப நீட்டா இருக்குண்ணே". என்னமோ கம்ப்ளைன்ட் மாதிரி! அப்புறம் ஆரம்பிச்சாங்க. ஃப்ரிட்ஜு வெளிய. ஷோகேஸ் வெளிய. கர்ட்டனைக் கழட்டிட்டு ஒரு பழைய லுங்கியைக் கட்டுனாங்க. அப்புறம் உப்புத்தாளு வச்சு செவுத்தைத் தேய்ச்சு, அங்கங்க சுரண்டி, தண்ணியா கரைச்ச பழுப்பு கலரை ஸ்ப்ரே பண்ணி, அதுல டீ டிகாஷனை வேற துணியில நனைச்சு ஒத்தி ஒத்தி எடுத்தாங்க. அதுக்கு ஏஜிங்னு பேராம். ரெண்டு மணி நேரத்துல எங்க வீட்டுக்கு முப்பது வயசு ஏறிடுச்சு. சொல்லக் கூடாது, அந்தப் பையன் வேலை சுத்தம், மழைத்தண்ணி இறங்குன கோடு எல்லாம் அசல் மாதிரியே இருந்துச்சு, எங்க மாமியார் ஊர்ல இருந்து வந்து பாத்துட்டு மாடியில எங்க ஒழுகுதுன்னு தேடுனாங்க.

அங்க தான் நான் ஒண்ணு பாத்தேன் ஐயா. அந்த சீன்ல நடிச்ச அம்மாவுக்கு வசனம் இருந்துச்சு, "நமக்கு ஏதுப்பா வக்கு"ன்னு. ரிகர்சல் என் பச்சை செவுத்துக்கு முன்னாடி தான் நடந்துச்சு, முதல் நாளு, சுரண்டறதுக்கு முன்னாடி. நல்லா தான் பேசுனாங்க. ஆனா டைரக்டர் மானிட்டரைப் பாத்துட்டு தலையை ஆட்டுனாரு, ஒட்டலன்னாரு. என் கப்பும் கர்ட்டனும் பின்னாடி இருக்குற வரைக்கும் அந்த வசனத்தால எங்களை வக்கு இல்லாதவங்களா ஆக்க முடியல. அதுக்கு அவங்களுக்கு உப்புத்தாளு வேண்டி இருந்துச்சு, டீ டிகாஷன் வேண்டி இருந்துச்சு. தங்கச்சி, பொருளு பொய் சொல்லும், ஒத்துக்கறேன். ஆனா பொய் சொல்றதுக்குக் கூட அவங்க பொருளைத் தான தேடி வந்தாங்க, வசனத்தை நம்பி வரலயே.

எங்க அப்பா பி அண்ட் சி மில்லுல தறி ஓட்டுனவரு, பெரம்பூர் பின்னி மில்லு, 1996ல மூடுனாங்க. மூடுன அப்புறம் அந்த எடத்துல சினிமாக்காரங்க செட்டு போட ஆரம்பிச்சாங்க. அப்பா ஒரு நாளு எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னாரு, உள்ள நம்ம தெரு மாதிரியே தெரு, நம்ம வீடு மாதிரியே வீடு, கதவைத் தட்டுனா அட்டை சத்தம் வருதுன்னு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, டீ குடிச்சாரு.

மணி அடிச்சிட்டீங்க, தெரியுது, ஒரே ஒரு நிமிஷம். ஷூட்டிங் முடிஞ்சு பெயிண்ட் அடிச்சுத் தரேன்னு தான் பேச்சு. மூணு செவுரு அடிச்சாங்க. நாலாவது செவுத்துக்கு பெயிண்ட் பத்தல, நாளைக்கு வரோம்னு வாய்ல சொன்னாங்க, அதுவும் வசனம் தான். படம் வந்து, ஓடி, டிவில நாலு தடவை போட்டுட்டாங்க. அந்தச் செவுரு இன்னும் அப்படியே கீது. எங்க வீடு இங்க இருந்து மூணாவது சந்து, நடுவர் ஐயா. டீ போடறேன், எதிரணி அண்ணனையும் தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, அந்தச் செவுத்துப் பக்கமா நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டு அப்புறமா தீர்ப்பை எழுதுங்க.