வருத்துவது மௌனமே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். மருத்துவமனையில் கழியும் இறுதி நாட்களில் குடும்பத்தைப் பெரிதும் வருத்துவது நெருங்கி வரும் மரணமா, மருத்துவமனையின் மௌனமா என்ற கேள்விக்கு, மௌனமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், எவ்வளவு பேசினாலும் போன உயிர் திரும்புமா என்று கேட்டுக் கைதட்டலும் பெற்றார். திரும்பாது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உயிர் பிரிவதற்கு முந்தைய நாட்களில் குடும்பம் என்ன பாடு படுகிறது என்பதல்லவா தலைப்பு? அதை அவர் தொடவே இல்லை.

என் பெரியம்மா நுரையீரல் நோய் முற்றிய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். காலையில் வந்த மருத்துவர் உப்புச்சத்து சற்றுச் சீராகியிருக்கிறது என்றார். மாலையில் வந்தவர் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்றார். இன்னொருவர் ஆக்சிஜன் அளவு நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்றார். சொன்னவை எல்லாம் உண்மைதான். ஆயினும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சொல்லப்பட்ட அந்த உண்மைகளை ஒன்றுகூட்டி, இவர் பிழைக்க மாட்டார் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அமைதி காக்கவும் என்று மருத்துவமனைச் சுவரில் எழுதியிருப்பது பார்வையாளர்களுக்கு. மருத்துவர்கள் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலும்.

ஒரு நள்ளிரவில், பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒரு படிவத்தோடு வந்து, செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்த வேண்டும், சம்மதமா என்று பெரியம்மாவின் மகனிடம் கேட்டார். வேண்டாம் என்றால் தாயைக் கைவிட்டவன் ஆவோமோ, வேண்டும் என்றால் வதைத்தவன் ஆவோமோ என்று நடுங்கியபடியே அண்ணன் கையெழுத்திட்டார். குழாய் தொண்டைக்குள் இறங்கினால் பேச்சு நின்றுவிடும், மயக்க மருந்தும் சேரும், அம்மாவோடு பேச இனி வாய்ப்பில்லாமல் போகலாம் என்று எவரேனும் சொல்லியிருந்தால், பேனாவைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடமாவது அவர் உள்ளே போயிருப்பார். பெரியம்மா இறந்தது நோயால். அந்த ஐந்து நிமிடம் பறிபோனது நோயாலா, நடுவர் அவர்களே?

இறுதி நாட்களில் உடலில் நிகழும் மாற்றங்கள் மருத்துவம் நன்கறிந்தவை. உடல் செயல்களைக் குறைத்துக்கொள்ளும்போது பசி அற்றுப்போகிறது. அதை அறியாத குடும்பம், சாப்பிடாததால்தான் அம்மா மெலிகிறார் என்று எண்ணி வாயில் ஊட்டுகிறது; விழுங்கும் திறன் குன்றியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். தொண்டையில் சளி தேங்கி மூச்சு கரகரக்கும்போது, கேட்பவர்களுக்கு அது மூச்சுத்திணறலாகவே தோன்றுகிறது. நினைவிழந்து கிடப்பவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. தேவைக்கேற்ற அளவில் கவனமாகத் தரப்படும் மார்ஃபின் வலியையும் மூச்சிரைப்பையும் தணிக்கிறதே தவிர உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் யாரும் விளக்காததால், கடைசி ஊசிதான் கொன்றுவிட்டது என்ற ஐயத்தை ஆண்டுக்கணக்கில் சுமக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டிலருகில் நின்று யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் இவற்றுள் எந்த அச்சமும் எழுந்தேயிருக்காது. எங்களுக்கு அப்படிச் சொன்னவர் ஒரு செவிலியர் மட்டுமே. அதுவும் அவராக அல்ல, நாங்கள் கேட்ட பிறகு.

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை முறியும், நம்பிக்கை முறிந்தால் ஆயுள் குறையும் என்று எதிரணியினர் அடுத்து வாதிடக்கூடும். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு, வலியையும் மனத்துயரையும் தணித்து, நோயின் போக்கையும் நோயாளியின் விருப்பத்தையும் கலந்து பேசும் ஆதரவுச் சிகிச்சையைத் தொடக்கத்திலிருந்தே ஒரு பிரிவினருக்கு அளித்தார்கள். அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவும் குறையவில்லை. மற்றப் பிரிவில் 8.9 மாதமாக இருக்க, இவர்களிடம் 11.6 மாதமாக இருந்தது. பேசியதால் மட்டுமே ஆயுள் கூடியது என்று நான் சொல்லவில்லை. பேச்சு ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை என்கிறேன்.

மருத்துவர்களுக்கு நேரம் இல்லை என்பார்கள். அதற்கும் என் வாதத்தின் மையத்துக்கும் சேர்த்து ஓர் ஆய்வே விடை தருகிறது. பிரான்சில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இறக்கும் நிலையிலிருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சந்திப்பு. மற்றதற்கு, குடும்பத்தினர் பேசுவதைக் கேட்கவும், அவர்களின் உணர்ச்சிகளை ஏற்கவும், கேள்விகளை வரவேற்கவும் திட்டமிட்ட சந்திப்பும், இழப்பைப் பற்றிய ஒரு சிறு கையேடும். முடிவுகள் 2007இல் வெளியாயின. வழக்கமான சந்திப்பு 20 நிமிடம், திட்டமிட்டது 30 நிமிடம். முன்னதில் குடும்பம் பேசியது 5 நிமிடம், பின்னதில் 14 நிமிடம். நோயாளி இறந்து 90 நாள் கழித்து விசாரித்தபோது, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் வழக்கமான பிரிவில் 69 சதவீதத்தினரிடமும், பேச இடம் கிடைத்த பிரிவில் 45 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. விசாரிக்கப்பட்ட குடும்பங்கள் எல்லாமே தம்மவரை இழந்தவை. வருத்துவது மரணம் மட்டுமே என்றால் இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதை, எனக்குப் பின் பேச வரும் எதிரணித் தோழர் நடுவருக்கு விளக்கட்டும்.