கைதட்டியவர் பெயர் எங்கே?

(இசை ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலக அலுவலர் அம்மா அவர்களே, வாழ்த்துரை வழங்கி முடித்துவிட்டும் இருக்கையை விட்டு எழாமல் பேச்சைக் கேட்க அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் அவர்களே (வாழ்த்தியவர் உட்கார்ந்து கேட்பது இந்தக் காலத்தில் அபூர்வம், அதற்குத் தனி நன்றி), பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கி இரைச்சலைப் பொறுமையாகச் சரிசெய்து தந்த தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள் நம் பெரியவர்கள். இன்றைய பேச்சு முழுக்க அந்தப் பழமொழிதான். எடுத்துக்கொண்ட பாட்டு ஸ்பெயின் நாட்டுப் பாட்டு. பாடகி ரொசாலியா பாடி 2018 மே மாதக் கடைசியில் வந்த ‘மலமென்தே’. பாட்டும் ஆட்டமும் கைதட்டலும் சேர்ந்த தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ மரபில் வேர்விட்ட பாட்டு. அதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வேன்: தாளம், காணொளி, உடையும் நகைகளும்.

ஃபிளமெங்கோ என்றாலே பன்னிரண்டு எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். புலெரியா என்ற வகைக்கு அது சரி. பன்னிரண்டில் தொடங்கி 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பிரித்துப் பாருங்கள், கை தானாக வந்துவிடும். ‘மலமென்தே’ அப்படி இல்லை. அது நாலு எண்ணிக்கை. ஃபிளமெங்கோவில் தாங்கோஸ் என்று ஒரு நாலடி வகை உண்டு (அர்ஜென்டினாவின் தாங்கோ வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்), நடை அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்தப் பாட்டுக்குப் புலெரியாக் கையைப் போட்டால் மூன்றாவது சுற்றிலேயே கால் இடறும். புலெரியா வேண்டுமென்றால் இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘எல் மால் கெரேர்’ தொகுப்பிலேயே தலைப்பில் நிலா வரும் பாட்டு ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள்.

இனி கையைப் பார்ப்போம். கைதட்டலுக்கு அங்கே பால்மாஸ் என்று பெயர். இரண்டு வகை. வலது கையின் விரல்களைச் சேர்த்து இடது உள்ளங்கைக் குழியில் அடித்தால் வெடிப்பது போல் ஓசை வரும், அது ‘கிளாரா’. இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, குறுக்காக வைத்து அடித்தால் மூடிய பானையைத் தட்டியது போல் அமுங்கி வரும், அது ‘சோர்தா’. பாடகர் மெல்லப் பாடும்போது சோர்தா, உச்சத்துக்குப் போகும்போது கிளாரா. ஒருவர் அடியின் மேலேயே தட்டுவார், இன்னொருவர் இரண்டு அடிகளுக்கு நடுவில் இடைதட்டு போடுவார். இரண்டும் பல்சக்கரம் போல் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது. இங்கே ஒரு ஆள் தட்டினாலும் தாளம் வராது.

ஒலிப்பதிவில் என்ன கெடுகிறது? ஒரே ஆள் தட்டியதைப் பதிந்து, கணினியில் நாலு பிரதி எடுத்து, சிறிது தள்ளித் தள்ளி ஒட்டுகிறார்கள். ஒரே அலை தன்மேல் தானே மோதி, சில அதிர்வெண்கள் அறுபட்டு, தகரக் குழாய்க்குள் தட்டியது போல் வரும். மூன்று பேரை நிறுத்துங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒருவரையே மூன்று முறை முழுதாகத் தட்டச் சொல்லுங்கள். மைக் இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், வாய்க்கு வைப்பது போல் கைக்குக் கிட்டே வைத்தால் காற்றடி பதியும். மோதிரம், கடிகாரம் கழற்ற வேண்டும். பிறகு எல்லாத் தட்டையும் கணினிக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கினால் உயிர் போய்விடும். அதைச் செய்யாதீர்கள்.

பாட்டை ரொசாலியாவும் தயாரிப்பாளர் எல் கின்சோவும் ராப் பாடகர் சி. தங்கானாவும் சேர்ந்து எழுதினார்கள். தலைப்புக்குக் ‘கெட்டபடியாக’ என்று பொருள். ‘சகுனம்’ என்ற துணைத் தலைப்போடு தொகுப்பின் முதல் அத்தியாயமாக நிற்கிறது. பதினொரு பாட்டு, பதினொரு அத்தியாயம். பொறாமைக் கணவன் மனைவியைக் கோபுரத்தில் பூட்டிவைக்கும் 13ஆம் நூற்றாண்டுக் கதை ஒன்றிலிருந்து, தென் பிரான்சின் ஒக்சிதான் மொழியில் எழுதியதிலிருந்து, எடுத்த கரு. கத்தலோனிய இசைக் கல்லூரியில் ரொசாலியா பட்டப்படிப்புக்குச் செய்த வேலை அது. பாட்டின் நடுவே ‘உந்திவே’ என்று ஒரு சொல் வரும். ஸ்பெயினின் ரோமா மக்களான கித்தானோக்களின் காலோ பேச்சில் கடவுள் என்று பொருள். ரோமா மொழியின் ‘தெவெல்’, அதற்கும் பின்னால் போனால் வடமொழித் ‘தேவ’. வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்ட மக்களோடு நடந்து நடந்து, ஸ்பெயினில் ஒரு பாப் பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது அந்தச் சொல்.

இங்கேதான் சண்டை. ரொசாலியா வடகிழக்கு ஸ்பெயினின் கத்தலோனியாக்காரர், கித்தானோ அல்லர். எங்கள் சொல்லையும் உச்சரிப்பையும் எடுத்துப் புகழ் சம்பாதிக்கிறார் என்று கித்தானோ செயல்பாட்டாளர்கள் கேட்டார்கள். ஃபிளமெங்கோவின் தூய்மை கெட்டது என்று இன்னொரு பக்கம் கூச்சல். இரண்டும் ஒன்றல்ல. தூய்மைக்காரர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன், தலைவர் ஐயா மணியைச் சற்று மறந்திருக்க வேண்டும்.

1922 ஜூன். கிரனாடா நகரம், அல்ஹம்ப்ரா கோட்டை முற்றம். இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவும் இளங்கவி லோர்காவும் நண்பர்களும் ஒரு போட்டி வைக்கிறார்கள். ஃபிளமெங்கோ கெட்டுப்போய்விட்டது, காசுக்குப் பாடுகிறவர்கள் கெடுத்துவிட்டார்கள், கலப்பில்லாத பழைய பாட்டைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே தொழில்முறைப் பாடகர் போட்டியிடக் கூடாது! இதைக் கேள்விப்பட்டு ஒரு கிழவர் கிளம்புகிறார். தியேகோ பெர்முதெஸ், பட்டப்பெயர் எல் தெனாசாஸ். புவென்தே ஹெனில் என்ற ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே வந்தார் என்பார்கள். கத்திக்குத்தில் நுரையீரல் பழுதாகிப் பல வருடம் பாடாமல் இருந்தவர் என்பார்கள். முதல் நாள் இரவு வாயைத் திறந்தார், கூட்டம் அசந்துபோனது. அவ்வளவுதான், ஊர்ப் பெரிய மனிதர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாருங்கள், குடியுங்கள், எங்களுக்காக ஒன்று பாடுங்கள்! மறுநாள் கிழவருக்குக் குரல் இல்லை. மழை வேறு. நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு ஜனம் கேட்டதாம். (இங்கே கூரை இருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம்.) ஆனாலும் கிழவருக்குப் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற இன்னொருவர் யார் தெரியுமா? பன்னிரண்டு வயதுப் பையன், மனுவேல் ஓர்தேகா, பின்னாளில் மனோலோ கரகோல். தூய்மையைக் காக்கத் தேர்ந்தெடுத்த அந்தப் பிள்ளை 1940களில் பாடகியும் நடனக் கலைஞருமான லோலா ஃப்ளோரெஸுடன் சேர்ந்து, பின்னால் வாத்தியக் குழுவை உட்காரவைத்து, அரங்கம் அரங்கமாக வெகுஜனப் பாட்டுப் பாடினார்!

எனவே கலப்பு குற்றமல்ல. ஆனால் அந்த இரண்டு இரவுகளிலும் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டியவர்கள் யார்? பரிசு வாங்கியவர் பெயர் தெரிகிறது, நடத்தியவர் பெயர் தெரிகிறது. கித்தானோக்களின் மனக்குறையில் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான்: எடுத்ததைவிட, யாரிடமிருந்து என்று சொல்லாமல் விடுவது. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்றால் மற்றக் கையின் பெயரையும் போட வேண்டாமா? ரொசாலியாவின் மேடையில் கைதட்டிய ‘லாஸ் மெல்லிஸ்’ இரட்டையர் பெயரை ரசிகர்கள் அறிவார்கள். அந்த அளவுக்கு நல்லது. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

காணொளிக்கு வருகிறேன். பார்சலோனாவின் ‘கனடா’ என்ற படக்குழு எடுத்தது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் கூம்புத் தொப்பியும் முகமூடியும் அணிந்து ஊர்வலம் போகும் நசரேனோ பக்தர் அதில் சறுக்குப் பலகையில் வருகிறார். அதைப் பார்த்து அமெரிக்க இனவெறிக் கூட்டத்தின் உடுப்பு என்று பதறாதீர்கள். ஸ்பெயினின் செவில்லா நகரில் நூற்றாண்டுகளாகத் தவம் இருப்பவரின் உடை அது. காளை அடக்கும் வீரர் துணியை விரிக்கிறார், எதிரே காளை இல்லை, மோட்டார் சைக்கிள்! சுற்றுலா அட்டையில் வரும் ஸ்பெயினை லாரிகள் நிற்கும் தொழிற்பேட்டைக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். 2018 லத்தீன் கிராமியில் இந்தப் பாட்டுக்கு இரண்டு விருது.

மூன்றாவதாக உடையும் நகைகளும்... தலைவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். அது இன்னொரு நாள்.

முடிக்கும் முன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாட்டு வெளியிடுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தெண் அடையாளம் ஒன்று உண்டு. அதோடு சேர்த்து வாசித்தவர், பாடியவர், தட்டியவர் பெயரையும் பங்கையும் விநியோகத் தளத்தின் படிவத்தில் ஏற்றலாம். பலர் பாடகர், எழுத்தாளர், தயாரிப்பாளர் என்று மூன்றோடு நிறுத்திவிட்டு அனுப்புகிறார்கள். வெளியான பிறகு திருத்துவது பெரும்பாடு. மைக்கை அணைக்கும் முன்பே, ஆட்கள் கூடத்தில் இருக்கும்போதே, ஒரு தாளில் பெயரை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள், எழுத்துப்பிழை வராது. அதற்கான மாதிரித் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. நான்காவது வரி ‘கைதட்டியவர்’. மூன்று பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம், போதாவிட்டால் பின்பக்கம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.