வீட்டிலா, சானடோரியத்திலா? சென்னையில் நடந்த ஒரு காசநோய் ஆய்வும் அதன் தொடர்ச்சியும்

(திரையில்: தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை)

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், கடைசிக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையே அந்தப் பெயருக்குக் காரணம். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, ஊட்டமான உணவு கொடுத்துத் தேற்றுவது என்பதே அன்றைய மருத்துவம். பணமும் படுக்கையும் கிடைத்தவர்களுக்கு அது வாய்த்தது, மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை.

1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் நிலைமை மாறியது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது, அதையடுத்து பி.ஏ.எஸ். எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் வந்தது; 1952இல் விலை மலிவான ஐசோநியாசிட் வந்தது. காசநோய்க் கிருமியை உடலுக்குள்ளேயே தாக்கும் மருந்துகள் கைக்கு வந்துவிட்ட பிறகு, படுக்கையும் பாலும் முட்டையும் இன்னும் தேவையா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. வளர்ந்த நாடுகளில் இது ஏட்டளவிலான கேள்வியாக இருந்திருக்கலாம். இந்தியாவில் நோயாளிகளை இலட்சக் கணக்கிலும் மருத்துவமனைப் படுக்கைகளை ஆயிரக் கணக்கிலும் எண்ண வேண்டியிருந்தது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நடத்திய கணக்கெடுப்பு, நகரங்களைப் போலவே கிராமங்களிலும் இந்நோய் பரவியிருப்பதைக் காட்டியது. எல்லோருக்கும் சானடோரியம் கட்டுவது எந்த அரசாலும் நடக்கக்கூடிய காரியமாக இல்லை.

(திரையில்: 1956, சேத்துப்பட்டு, சென்னை)

இந்தச் சூழலில்தான் 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் உள்ள இந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

மையம் எடுத்துக்கொண்ட கேள்வியைச் சொற்சுத்தமாகப் புரிந்துகொள்வது முக்கியம். சானடோரியம் நல்லதா கெட்டதா என்று அது கேட்கவில்லை. ஒரே மருந்தை, ஒரே அளவில், ஓராண்டுக்குக் கொடுத்தால், சானடோரியத்தில் இருப்பவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் சளியிலிருந்து கிருமி மறைவதில் வேறுபாடு இருக்குமா என்பது மட்டுமே கேள்வி. கேட்ட கேள்விக்கு மட்டுமே ஓர் ஆய்வு விடை சொல்லும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். பின்னால் இது தேவைப்படும்.

சளியில் கிருமி உறுதியான 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலும் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற சமவாய்ப்பு முறைதான் முடிவு செய்தது. இது ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. தேர்வு மருத்துவர் கையில் இருந்திருந்தால், இரத்தம் கக்கும் நிலையில் வந்தவரை மனச்சாட்சியுள்ள எந்த மருத்துவரும் சானடோரியத்துக்குத்தான் அனுப்பியிருப்பார். தேறிய உடம்போடு வந்தவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஓராண்டு கழித்து வீட்டுப் பிரிவினர் நன்றாக இருந்தால், அது வீட்டின் பலனா, தொடக்கத்திலேயே நோய் இலேசாக இருந்ததன் பலனா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அனுபவசாலி மருத்துவரின் கணிப்பைக் காட்டிலும் எண்களின் குருட்டு வரிசையை நம்புவது முதலில் கேட்பவருக்கு ஈரமற்ற செயலாகத் தோன்றும். ஆனால் அந்தக் கணிப்பின் நல்லெண்ணமே ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். காசநோயில் இம்முறைக்கு முன்னோடி, பிரிட்டனில் 107 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1948இல் வெளியிடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. அங்கே எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு, எந்தப் படம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதே தெரியாது.

(திரையில்: மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்களின் கோட்டோவியம்)

இரு பிரிவினருக்கும் ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் தினமும் தரப்பட்டன. பி.ஏ.எஸ். இலேசான மருந்தன்று, மில்லிகிராமில் அன்றி, நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். சானடோரியத்தில் செவிலியர் கண்முன் மருந்து உள்ளே போகும். வீட்டில்? ஆய்வாளர்கள் இதை நம்பிக்கைக்கு விட்டுவிடவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்றார்கள். மீதமுள்ள மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரியை வாங்கி வந்து, பி.ஏ.எஸ். அதில் கலந்திருக்கிறதா என்று வேதியியல் சோதனை செய்தார்கள். வீட்டில் சிகிச்சை என்பதை மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது என்று புரிந்துகொள்பவர்கள், இந்தக் கண்காணிப்பின் அளவைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

1959இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டின் இறுதியில், கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்களில் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது.

அப்படியானால் சானடோரியம் 6 விழுக்காடு மேலானதுதானே என்று கேட்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 80 பேர். எனவே ஒரே ஒரு நோயாளியின் நிலை மாறினால்கூட ஒரு விழுக்காட்டுக்கு மேல் மாறிவிடும்; இங்கே நாம் பேசிக்கொண்டிருப்பது நாலைந்து பேரைப் பற்றி. இரண்டு சிகிச்சைகளும் உண்மையில் சமமாகவே இருந்தாலும், இந்த அளவு வேறுபாடு தற்செயலாகவே தோன்றக்கூடும். சானடோரியத்துக்குச் சிறு அனுகூலம் இருக்க வாய்ப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அப்படி ஓர் அனுகூலம் இருந்தாலும் அது சிறிதுதான் என்பதே பொருள். நோயாளிகளை ஆய்வாளர்கள் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அந்தச் சிறு இடைவெளியும் மறைந்து, இரு பிரிவிலும் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள்.

எல்லோரும் அஞ்சியது வேறொன்றை. ஒரே அறையில் அப்பாவும் நான்கு பிள்ளைகளும் படுத்துறங்கும் வீட்டில், இருமும் அப்பாவை வைத்தே வைத்தியம் பார்த்தால் பிள்ளைகள் கதி என்ன? இதனால் நோயாளிகளின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் பரிசோதித்து வந்தார்கள். நோயாளி வீட்டில் இருந்த குடும்பங்களில், அவர் சானடோரியத்துக்குப் போன குடும்பங்களைவிட நோய் அதிகமாக வரவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே, அதாவது யாருக்கும் தெரியாமல் அவர் இருமிக்கொண்டிருந்த காலத்திலேயே, வீட்டாருக்குத் தொற்று பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு பரப்பும் வலிமை விரைவில் குறைந்துவிடுகிறது. நோயாளியைப் பிரித்து வைக்கும் வழக்கத்துக்கு இருந்த மருத்துவ நியாயம் இதனால் பெரிதும் தளர்ந்தது. அவருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் ஒதுக்கும் வழக்கம் மட்டும் பல வீடுகளில் இன்றும் தொடர்கிறது.

சானடோரியங்கள் உலகெங்கும் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு வலுவான காரணமாயிற்று. சுய கட்டுப்பாட்டில் மருந்து உட்கொள்வதன் சிக்கல்களைக் கண்ட அதே மையம், வாரம் இருமுறை நேர் பார்வையில் மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்து 1964இல் முடிவை வெளியிட்டது. பின்னாளில் டாட்ஸ் என்று உலகம் அறிந்த நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இதுவும் ஒரு வேர்.

(திரையில்: தும்கூர் மாவட்டத்தின் வரைபடம்)

நோயாளி சிகிச்சைக்கு வந்த பிறகு நடப்பது மருத்துவ ஆய்வின் எல்லை. வருவதற்கு முன் நடப்பதைச் சமூகவியல்தான் கேட்க முடியும். பெங்களூரில் 1959இல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டிக் ஆண்டர்சனும் டி. பானர்ஜியும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவர்கள் நெடுநாள் சொல்லிவந்த ஒரு குற்றச்சாட்டைப் புரட்டிப் போட்டது. கிராமத்து மக்களுக்கு அறியாமை, அவர்கள் வைத்தியத்துக்கே வருவதில்லை என்பதே அந்தக் குற்றச்சாட்டு. உண்மையில், சளியில் கிருமி இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் உடம்பில் ஏதோ கோளாறு இருப்பதை உணர்ந்திருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்கெனவே அலோபதி மருத்துவமனைக்குப் போயும் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. 1962இல் உருவான தேசிய காசநோய்த் திட்டம் பொது மருத்துவமனைகளிலேயே சளிப் பரிசோதனையை வைத்ததற்கு இத்தகைய ஆய்வுகள் அடித்தளமாக இருந்தன.

இனி உணவுக்கு வருவோம். சென்னை ஆய்வின் ஒரு பகுதியாக 1961இல் வெளியான கட்டுரை, சானடோரியப் பிரிவினருக்குக் கிடைத்த உணவு மிகச் சிறந்தது என்பதையும், அவர்கள் எடை கூடுதலாக ஏறியது என்பதையும், அப்படியிருந்தும் வீட்டுப் பிரிவினரின் சளியில் கிருமி ஏறக்குறைய அதே அளவு மறைந்தது என்பதையும் காட்டியது. சரியான முடிவுதான். ஆனால் காலப்போக்கில் அது, காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லை, மாத்திரை போதும் என்று சுருங்கிப் போயிற்று. உயிர் பிழைப்பதற்கும், நோயே வராமல் தடுப்பதற்கும், வேலைக்குத் திரும்பும் தெம்புக்கும் உணவு என்ன செய்கிறது என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அதன் பெயரால் விடை சொல்லப்பட்டது.

(திரையில்: ஜார்க்கண்ட், 2019 முதல் 2022 வரை)

அறுபது ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வியை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் எடுத்துக்கொண்டது ரேஷன்ஸ் என்ற ஆய்வு. டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய இதில் 2,800 நோயாளிகளும் அவர்களது வீடுகளைச் சேர்ந்த 10,345 பேரும் இடம்பெற்றனர். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. வீட்டாருக்கும் தருவதா இல்லையா என்பதே சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற வீட்டாரிடையே காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது.

இதே ஆய்வின் இன்னோர் எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் 5 விழுக்காடு எடை கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயாளிகள் எல்லோருமே உணவு பெற்றவர்கள் என்பதால் இது சமவாய்ப்பு ஒப்பீடு அன்று. எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை ஏறியதா என்ற ஐயத்துக்கு இடமுண்டு. ஒரே ஆய்வின் இரண்டு எண்களுக்கு ஒரே அளவு உறுதி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. செய்தித் தலைப்புகளில் இவை இரண்டும் ஒரே குரலில்தான் ஒலிக்கின்றன.

மத்திய அரசு நோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகையை 2018இல் தொடங்கி, 2024இல் 1,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், பழைய சானடோரியக் கேள்வியையே வேறு வடிவில் எழுப்பியிருக்கிறது. நோய் கண்டறியப்பட்டவுடன் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு விடும் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பவை பார்க்கப்படுகின்றன. உயரத்துக்கு ஏற்ற எடை உள்ளதா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்கள், ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியவர்கள், எழுந்து நிற்க இயலாதவர்கள் ஆகியோர் உடனடி கவனத்துக்கு உரியவர்களாகப் பிரிக்கப்பட்டு, மதிப்பீட்டுக்குப் பின் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து.