ஒரு நொடி தாமதம்

[இருண்ட திரை. ஒரு கண் மட்டும் திறக்கிறது.]

உங்கள் பிறந்தநாளுக்கு ஒருவர் கன்றுத்தோல் பர்ஸ் தருகிறார். நன்றி சொல்லி வாங்கிக்கொள்வீர்களா? அப்படியானால் நீங்கள் மனிதர்தானா என்று சந்தேகம் வந்துவிடும்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலில் மனிதரையும் எந்திரத்தையும் பிரித்தறிய இப்படி ஒரு சோதனை உண்டு. 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்துக்கு மூலம் அந்த நாவல்தான். விலங்குகள் அநேகமாக அழிந்துபோன உலகம் அது. தோல் பர்ஸ் என்றாலே அங்கே குலை நடுங்க வேண்டும்.

[கன்னத்தில் ஒட்டிய சிறு வட்டு. அளவுமானியின் முள்.]

கன்னத்தில் வட்டை ஒட்டி, கண்ணில் ஒளி பாய்ச்சுவார்கள். வாய் சொல்லும் பதில் இரண்டாம்பட்சம். உடம்பு பதறுகிறதா, எவ்வளவு சீக்கிரம் பதறுகிறது, அதுதான் கணக்கு.

ரேச்சல் என்ற பெண்ணைச் சோதித்து முடிக்கும் நேரத்தில் அதிகாரி தன் பையைத் தடவிக்கொண்டே, "இது குழந்தையின் தோலில் செய்தது" என்கிறார். முள் துள்ளுகிறது. ஆனால் சற்றுத் தாமதமாக. அவ்வளவுதான், அவள் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவில் செய்த எந்திரம், என்று முடிவாகிவிடுகிறது.

சரி, சாவு வீட்டில் அழாமல் நின்று, பத்து நாள் கழித்துத் தனியாக உடைந்து அழுகிறவர்களை என்ன செய்வது? கல்நெஞ்சம் என்று ஊர் பேசும் ஆட்கள். இந்த முள் அவர்களைப் பார்த்து என்ன சொல்லும்? நாவலிலேயே இந்தக் கவலை வருகிறது. மனநோயால் உணர்ச்சி மழுங்கிய சில மனிதர்கள் இதில் தேற மாட்டார்கள் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். எந்திரத்தைப் பிடிக்க விரித்த வலையில் மனிதரும் விழலாம்.

கருவியே இல்லாத காலத்திலும் சோதனை இருந்தது. 1818இல் மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் படைத்த பெயரில்லாத உருவத்திடம் பார்வையற்ற முதியவர் ஒருவர் அன்பாகத்தான் பேசுகிறார். கண்ணுள்ள மகன் வந்ததும் அடி விழுகிறது. ஐசக் அசிமோவின் 1976ஆம் ஆண்டுக் கதை இன்னும் மோசம்: இருநூறு வருடம் வாழ்ந்த ரோபோவை, அது சாகத் துணிந்த பிறகே மனிதன் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்புறம், டிக்கின் நாவலில் எனக்குப் பிடித்த ஆள் இஸிடோர். ஆண்ட்ராய்டு அல்ல, அசல் மனிதன். அறிவுத் தேர்வில் தவறியதால் 'ஸ்பெஷல்' முத்திரை. ஊரார் வைத்த பெயர் கோழித்தலையன். வேற்றுக் கோளுக்குக் குடிபோகவும் அவனுக்கு அனுமதியில்லை.

[ஒரு சிலந்தி. பின்னால் கத்தரிக்கோலின் நிழல்.]

அவன் ஓர் உயிருள்ள சிலந்தியைக் கண்டெடுக்கிறான். அவன் அடைக்கலம் கொடுத்திருக்கும் ஆண்ட்ராய்டுகள், நான்கு காலால் நடக்குமா பார்ப்போம் என்று அதன் கால்களை ஒவ்வொன்றாக நறுக்குகின்றன. ஆக, அந்தச் சோதனை முழுப் பொய்யும் அல்ல. இஸிடோர் குறுக்கே பாய்ந்து சிலந்தியைப் பிடுங்குகிறான். இனி அது பிழைக்காது. தொட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் அமிழ்த்தி, தன் கையாலேயே அதன் வேதனையை முடித்துவைக்கிறான்.