மலைப்பாதையில் கார் நின்றுவிட்டால் முதலில் யாரை இறக்குவது?

வணக்கம். இங்கே காற்று பலமாக அடிக்கிறது, அதனால் சற்று உரக்கவே பேசுகிறேன். நான் நிற்பது குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில், காட்டேரி பூங்காவுக்குக் கொஞ்சம் கீழே. பின்னால் தெரிகிறதே, அது என் கார்தான். தார்ச்சாலையை விட்டு முழுவதும் விலகி, அகலமான மண் திட்டில் நிற்கிறது. இன்று அதற்கு ஒன்றும் இல்லை. போன மாதம்தான் வழியில் நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டு விசேஷம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா, என் ஏழு வயது மகள், நான். மாலை ஐந்தரை மணி இருக்கும். பர்லியார் தாண்டியதும் முன்னால் ஒரு சுமை லாரி. அதை முந்த இடமில்லாமல், கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்துகொண்டு வந்தேன். சிறிது நேரத்தில் தீய்ந்த வாடை. அம்மாதான் முதலில் சொன்னார். நான் பொருட்படுத்தவில்லை. அடுத்த வளைவில் எஞ்சின் இரைகிறது, கார் நகரவில்லை. வளைவைத் தாண்டி இருபது அடிகூடப் போயிருக்க மாட்டோம். அந்த நேரம் பார்த்து மூடுபனியும் இறங்கிவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட்டேன், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். குளிருக்குப் பாட்டியும் பேத்தியும் ஒரே போர்வையில் பின்சீட்டில். ஐந்தாறு நிமிடம் அப்படியே இருந்தோம்.

கீழிருந்து வந்த ஒரு லாரி எங்களுக்குப் பின்னால் நின்றது. கிளீனர் பையன் குதித்து இறங்கினான். ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக வந்து எங்கள் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டான். அதற்குப் பிறகுதான் டிரைவர் என் கண்ணாடியைத் தட்டினார். வயதானவர். "ஏம்மா, பெரியவங்களையும் பாப்பாவையும் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்களே. முதலில் அவர்களை இறக்குங்கள். வண்டியை அப்புறம் பார்க்கலாம்" என்றார். நாங்கள் இறங்கி, வடிகாலைத் தாண்டி, மலைப் பக்கத்து மேட்டில் ஏறி நின்ற சற்று நேரத்துக்கெல்லாம் ஒரு வேன் வளைவில் வேகமாகத் திரும்பியது. லாரியின் பின்விளக்குகளைப் பார்த்துத்தான் பிரேக் பிடித்தது. சக்கரம் தேய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த லாரி வராமல் இருந்திருந்தால், அந்த இடத்தில் என் கார் மட்டும்தான். பின்சீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. வளைவில் திரும்பியவுடன் இருபது மீட்டருக்குள் நீங்கள் நின்றால், அந்த ஓட்டுநருக்கு இரண்டு நொடிகூட இல்லை. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். அவர் நல்ல ஓட்டுநராக இருந்தாலும் இதுதான் கணக்கு.

இனி, எங்கே போய் நிற்பது? சேலம் – கோவை மாதிரியான நான்குவழிச் சாலை என்றால், வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். அங்கே அது சரி. அதே பழக்கத்தில் இங்கே தடுப்பைத் தாண்டாதீர்கள். இதோ கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். தடுப்புச் சுவருக்கு அப்பால் ஒரு முழம் மண், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. மேலே தெரிகிற புல் தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் சரியும். 2023 செப்டம்பர் 30 அன்று இதே சாலையில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பஸ் பள்ளத்தில் விழுந்ததை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை. பள்ளப் பக்கத்தை ஒதுங்கும் இடமாக நினைக்கவே கூடாது.

மலைப் பக்கம்தான் இடம். வடிகாலைத் தாண்டிய மேடு, தேயிலைத் தோட்டத்துப் படி, எது கிடைத்தாலும் சரி. காரிலிருந்து தள்ளி, ஏற்றத்தின் மேற்பக்கமாக நில்லுங்கள். காருக்குப் பின்னால், இறக்கத்தின் பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. பிரேக் விட்டால் கார் அங்கேதான் உருளும். உங்கள் கார் பள்ளப் பக்கமாக நின்றுவிட்டதா? இரு பக்கமும் நன்றாகத் தெரிந்தால் மட்டும் சாலையைக் கடந்து மலைப் பக்கம் போங்கள். வளைவு மறைக்கிறதென்றால் கடக்காமல், சுவரை ஒட்டியபடி ஒருவர் பின் ஒருவராக மேலே நடந்து, சாலை அகலமாகும் இடத்தில் நில்லுங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். பொருட்களை எடுக்கத் திரும்பப் போகாதீர்கள். போனும் ஸ்வெட்டரும் போதும்.

ஒரு நிமிடம். பஸ் ஏறுகிறது.

பார்த்தீர்களா? கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பினால் சாலை முழுவதும் அதற்கு வேண்டும். அதனால் வளைவிலேயே கார் திணறினால், முடிந்தவரை பத்தடியாவது நகர்த்தி வளைவை விட்டு வெளியேறப் பாருங்கள். மேலே போக முடியவில்லை என்றால், பின்னால் வண்டி இல்லை என்று ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொன்ன பிறகு மெதுவாகப் பின்னோக்கி விடலாம். எஞ்சின் அணைந்திருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடாத காரில் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

நிறுத்திய காரை உருளாமல் கட்டிப்போடுவது அடுத்தது. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். ஸ்டியரிங்கை மலைப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். மேலே பார்த்து நின்றாலும் கீழே பார்த்து நின்றாலும் அதேதான். கார் உருண்டால் மண் சுவரில்தான் போய் முட்டும். பிறகு இறக்கத்துப் பக்கம் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ. அந்தக் கிளீனர் பையன் பேசுவதற்கு முன்பே செய்தது அதைத்தான். இப்போது என் டிக்கியில் இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் கிடக்கின்றன. தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கினேன்.

டிக்கியில் இன்னொன்றும் இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை முக்கோணம். கார் வாங்கும்போதே கொடுத்திருப்பார்கள். பலர் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். நானும் பிரித்ததில்லை. இன்று போய் ஒரு முறை விரித்துப் பாருங்கள், இருட்டில் கை நடுங்கும்போது முதல் முறையாக விரிக்கக் கூடாது. சமவெளியில் இத்தனை மீட்டர் பின்னால் வை என்று எண்ணி நடக்கலாம். மலையில் எண்ணிக்கை உதவாது. கார் வளைவுக்கு மேலே நின்றால் முக்கோணம் வளைவுக்குக் கீழே இருக்க வேண்டும். கீழிருந்து ஏறி வருகிறவர் வளைவில் திரும்புவதற்கு முன்பே அது அவர் கண்ணில் பட வேண்டும். இறங்கி வருகிறவர்களுக்காக மேற்பக்கமும் ஒன்று வைக்க வேண்டும். இரண்டாவது முக்கோணம் இல்லையென்றால் லாரிக்காரர்கள் மாதிரி இலை தழையோடு ஒரு கிளையை ஓரத்தில் போடலாம். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த அடையாளம் தெரியும். கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கும் நாட்களில் இரண்டு பக்கமும் முந்திக்கொண்டு ஏறுவார்கள். அன்று இன்னும் தள்ளி வையுங்கள். வைக்கப் போகும்போது முக்கோணத்தை விரித்து, மார்புக்கு முன்னால் பிடித்தபடி, வண்டிகள் வரும் திசையைப் பார்த்து ஓரமாக நடக்க வேண்டும்.

ஒரு விஷயம் எனக்குக் கோபமாகவே வருகிறது. மூடுபனியில் ஓடிக்கொண்டிருக்கும் கார்களில் முக்கால்வாசிப் பேர் நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட்டுக்கொண்டே போகிறார்கள். பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்த மின்னல், வண்டி நின்றுவிட்டது என்பதற்கான அடையாளம். எல்லோரும் மின்னிக்கொண்டே ஓடினால், உண்மையிலேயே நின்றுபோன ஒரு காரைப் பார்க்கிறவர் அதுவும் நகர்கிறது என்றுதானே நினைப்பார்? அன்று வந்த வேன்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூடுபனியில் ஓடும்போது தாழ்வொளியில் முகப்பு விளக்கு, பனி விளக்கு இருந்தால் அதுவும், மெதுவான வேகம். நான்கையும் மின்னவிடுவது நின்ற பிறகு மட்டும். தயவுசெய்து.

"யானை வந்தால் என்ன செய்வது?" என்று சிலர் கேட்பீர்கள். சரியான கேள்வி. கல்லாறு – பர்லியார் இடையே பலா பழுக்கும் மாதங்களில் யானைகள் சாலைக்கே வருகின்றன. காட்டெருமை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எங்கும் உண்டு. அருகில் யானை தெரிந்தால் காரை விட்டு இறங்காதீர்கள். ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை அதன் முகத்தில் பாய்ச்சாதீர்கள், படம் எடுக்க ஃபிளாஷ் போடாதீர்கள். அது நகரும்வரை அமைதியாக இருந்து, பிறகு இறங்குங்கள். முதுமலை, மசினகுடிச் சாலைகளில் காட்டுக்குள் நின்றுவிட்டால் காருக்குள்ளேயே இருந்து உதவி கேட்பதுதான் நல்லது. கனமழையில் வேறு மாதிரி. புதிதாக வெட்டிய மண் சுவர், அதிலிருந்து கசியும் சேற்றுத் தண்ணீர், உருண்டு விழும் சிறு கற்கள், இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அந்தச் சுவரடியில் நிற்காமல் தள்ளிப் போங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் தப்பவில்லை.

போன் செய்ய வேண்டியது 112. காயம் இருந்தால் 108. எங்கே நிற்கிறீர்கள் என்றால் "குன்னூர் போகும் வழியில்" என்று சொல்லாதீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை இருக்கிறது. கடைசியாகக் கடந்த வளைவின் எண்ணைச் சொன்னால் போதும். ஊட்டி – மசினகுடி இடையே உள்ள கல்லட்டி வழியில் 36 வளைவுகள், அங்கும் எண் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறவர்கள் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத வளைவுகள் நிறைய. அப்போது அரசு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் வளைவு எண்ணையும் கார் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த செக்போஸ்டில் சொல்லிவிடுவார்.

எஞ்சின் கொதித்து நின்றால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். இறங்கும்போது பிரேக் தீயும் வாடை வந்தாலும் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான பிரேக் தட்டில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால் அந்த நிலைமையே வராது.

கேமராவை அணைக்கும் முன் இதைக் காட்ட வேண்டும். அதோ, சாலை ஓரத்தில் மூன்று கற்கள் தெரிகின்றனவா? யாரோ வண்டிக்கு முட்டுக் கொடுத்து, சரியானதும் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். இரவில் ஒரு பைக் சக்கரத்துக்கு இது போதும். கீழிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அடுத்த பஸ் வருவதற்குள் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டு வருகிறேன்.