கரோல் பர்னெட் டிவிடி கடைசியில் ஓடிவிட்டது!

வணக்கம் மக்களே! போன வீடியோவில் பிரிக்காமல் ஒரு பார்சலைக் காட்டினேன் இல்லையா, அது 'தி கரோல் பர்னெட் ஷோ' டிவிடி பெட்டிதான், நடிகை கரோல் பர்னெட் நடத்திய பழைய அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சி. நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகள் வாங்கி அனுப்பினாள், கூரியருக்கு மட்டும் 3,800 ரூபாய், பெட்டியின் விலையே அவ்வளவு இல்லை! ஆசையாகப் போட்டால் பிளேயர் ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பகுதிக்கான டிவிடி என்ற குறியீடு, சரியில்லை என்கிறது. அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம்முடையது ரீஜன் 5. இரண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. அப்புறம் பழைய லேப்டாப்பின் டிரைவில் ரீஜனை மாற்றினேன், அதுவும் ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்கு மேல் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால் ஓகே அழுத்தும்போது கை நடுங்கியது. படம் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

யூடியூபில் துண்டு துண்டாகக் கிடக்கிறதே என்பீர்கள். எனக்கு அந்தத் துண்டுகள் பிடிக்கவே பிடிக்காது. பிற்பாடு மறு ஒளிபரப்புக்காக அரை மணி நேரமாக வெட்டினார்களே, அதுவும் ஆகாது. முழு ஒரு மணி நேரமும் பார்த்தால்தான் கரோல் யாரென்று தெரியும். முதலில் தானாகவே மேடைக்கு வந்து, பார்வையாளர்கள் எது கேட்டாலும் அங்கேயே பதில் சொல்வார், டார்ஜான் மாதிரி கத்தச் சொன்னால் கத்துவார். கொஞ்ச நேரத்தில் அவரே வேறு ஆள்!

அவர் வேஷம் போடும் செக்ரட்டரி மிஸஸ் விக்கின்ஸின் நடை இருக்கிறதே, அது ஒரு பாவாடையால் வந்தது. பின்பக்கம் தொளதொளவென்று இருந்த அதைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்று கரோல் சொல்ல, உடை வடிவமைப்பாளர் பாப் மேக்கி, வேண்டாம், பின்பக்கத்தைத் தள்ளி அதை நிரப்புங்கள் என்றாராம். அவ்வளவுதான், அந்தப் பெண் பிறந்துவிட்டாள். 1976 நவம்பரில் 'கான் வித் தி விண்ட்' படத்தைக் கேலி செய்தபோது, ஜன்னல் திரைச்சீலையில் தைத்த கவுனைக் கம்பியோடு தோளில் மாட்டிவிட்டதும் அதே மேக்கிதான். கரோல் அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வரும் காட்சியை நேற்று மட்டும் ஆறு முறை பார்த்தேன்.

ஆனால் எனக்கு உயிர், கரோல் போடும் இன்னொரு வேஷமான யூனிஸ்தான். அம்மாவிடம் பேச்சு வாங்கியே புழுங்கிப் போனவள், அவளைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அந்த அம்மாவாக வரும் விக்கி லாரன்ஸ், கரோலைவிட 16 வயது சின்னவர், நம்பவே முடியாது!

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்க டிவி நிறுவனமான சிபிஎஸ்ஸோடு கரோல் போட்ட ஒப்பந்தத்தில், முதல் ஐந்து வருடத்துக்குள் அவர் கேட்டால் பாட்டும் நகைச்சுவையும் கலந்த ஒரு மணி நேர வெரைட்டி நிகழ்ச்சி 30 தந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கெடு முடியக் கடைசி வாரத்தில் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அதெல்லாம் ஆண்கள் நடத்துவது, உங்களுக்கு ஒரு சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொடர், தருகிறோம் என்றிருக்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் விடவில்லை. 1967 செப்டம்பரில் ஆரம்பித்து 1978 மார்ச் வரை, 11 சீசன்!

ஒவ்வொரு வாரமும் முடிவில் காதைப் பிடித்து இழுப்பார், அதையும் துண்டுகளில் வெட்டிவிடுகிறார்கள். வளர்த்த பாட்டிக்கு, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் ஜாடை அது. சரி, இரண்டாவது வட்டு லேப்டாப்பில் காத்திருக்கிறது, நான் கிளம்புகிறேன்.